நீட்டுச் சட்டை

அம்மா: மெதுவாப் போடா. லாரிக்காரன் ஒதுங்கலன்னா நீ ஒதுங்கு.

தேவா: ஒதுங்கிக்கினுதாம்மா இருக்கேன். நீ பேச்ச மாத்தாத. மடியில வச்சிருக்கியே, பிரிச்சுப் பாத்தியா இல்லியா?

அம்மா: பாத்தேன்.

தேவா: பாத்து...?

அம்மா: பாத்து, திரும்ப மடிச்சு வச்சுட்டேன்.

தேவா: அவ்ளோதானா?

அம்மா: துணிய வேற இன்னா பண்ணுவாங்க? மடிச்சு வைப்பாங்க. கூட்டேரிப்பட்டு தாண்டிட்டமா?

தேவா: அது எப்பவோ தாண்டியாச்சு. இன்னும் அரை மணி நேரத்துல விழுப்புரம். காலேஜ்ல அருணா ரூமு தனியா எடுத்து வச்சிருக்கா, நீ துணி மாத்திக்க. பொண்ணுங்க ரெண்டு பேர் ஒத்தாசைக்கு இருப்பாங்களாம்.

அம்மா: எனக்கு எதுக்குடா ஒத்தாசை? அதப் போடறதுக்கு ஆள் வேணுமா? கைய விட்டு, தலைய விட்டு, பக்கத்துல பட்டன் போட்டா முடிஞ்சுது. சேலைக்குத்தான் ஆள் வேணும்.

தேவா: அப்ப போட்டுக்கறியா?

அம்மா: நான் எங்க போட்டுக்கறேன்னு சொன்னேன்?

தேவா: ஐயோ... காலைல இருந்து இதே பேஜாரு. இரு, போன் அடிக்குது. அவதான். ஸ்பீக்கர்ல போடறேன், நீயே பேசு உன் பேத்தி கிட்ட.

அருணா: அப்பா, எங்க இருக்கீங்க?

தேவா: விக்கிரவாண்டி கிட்ட வந்துட்டோம். உங்க பாட்டி இன்னும் மொரண்டு புடிச்சுக்கினு இருக்காங்க.

அருணா: பாட்டி! விளையாடாத. நிகழ்ச்சி நோட்டீஸ்லயே உன் பேர் போட்டாச்சு. "உலக நாடுகளின் தேசிய உடைகள். சிறப்பு விருந்தினர் திருமதி லட்சுமி துரைக்கண்ணு, வியட்நாம்."

அம்மா: வியட்நாமா? பேரையே உங்க தாத்தா லட்சுமின்னு மாத்தியாச்சு, ஊரையும் திண்டிவனம்னு போடு. அம்பது வருஷமா கேப்பக்களி கிண்டிக்கினு இருக்கறவளப் போய் வியட்நாம்னு போட்டா அந்த ஊர்க்காரன் சண்டைக்கு வரப் போறான்.

அருணா: பாட்டி, கேளேன். ஜப்பான், கொரியா எல்லாத்துக்கும் துணி வாடகைக்கு எடுத்து நம்ம பொண்ணுங்களுக்குத்தான் மாட்டி விடறோம். ஒரிஜினல் ஆளுன்னு இருக்கறது நீ ஒருத்திதான். சைகோன்ல பொறந்து, சைகோன்ல வளந்து, சைகோன்ல தாத்தாவக் கட்டிக்கினு...

அம்மா: இந்தியாவுக்கு யாரு?

அருணா: அதுக்கென்ன, சேலை கட்டிக்கினு நாப்பது பொண்ணுங்க நிக்குது.

அம்மா: அப்ப நானும் அதுங்களோட நாப்பத்தொண்ணா நின்னுட்டுப் போறேன்.

அருணா: அப்பா, பாருங்கப்பா!

தேவா: பாத்துக்கினுதான் இருக்கேன்.

அருணா: பாட்டி, நான் பேசப் போறது சரியா இருக்கான்னு மட்டும் சொல்லு. நீ போட்டுக்கப் போற இந்த ஆவ் ஸாய் மொதல்ல அரண்மனைக்காரங்க துணி. நூறு வருஷம் முன்னாடி ஓவியக்காரங்க சில பேரு அத உடம்போட ஒட்டற மாதிரி மாத்தினாங்க. அப்ப ஊரே திட்டுச்சு, இதெல்லாம் ஒரு துணியான்னு. அப்புறம் பள்ளிக்கூடப் பொண்ணுங்களுக்கு அதுவே யூனிஃபார்ம் ஆச்சு. போர் முடிஞ்சதும் பணக்காரத்தனம்னு ஒதுக்கி வச்சாங்க. அப்புறம் அழகிப் போட்டி, ஏர்ஹோஸ்டஸ், ஆபீஸ்னு திரும்ப வந்து, இப்ப அதான் தேசிய உடை. சரியா?

அம்மா: எனக்கு எப்படித் தெரியும்? நான் இருந்த வரைக்கும் அது தேசிய உடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மார்க்கெட்டுக்குப் போனா போட்டுக்குவோம். கோயிலுக்குப் போனா போட்டுக்குவோம். அப்புறம் அது ஆவ் ஸாய் இல்ல, அப்படி வடக்குக்காரங்க சொல்லுவாங்க. எங்க சைகோன்ல ஆவ் யாய்.

அருணா: ஆவ் யாய்... அப்படின்னா என்ன அர்த்தம் பாட்டி?

அம்மா: நீட்டுச் சட்டை.

அருணா: அவ்ளோதானா? நான் வேற எதாவது பெருசா இருக்கும்னு நெனைச்சேன்.

அம்மா: அவ்ளோதான். நீளமா, இடுப்புக்குக் கீழ முன்னயும் பின்னயும் ரெண்டா பிரிஞ்சு, உள்ள பைஜாமா போட்டுக்கற சட்டை. போன வை, உங்கப்பன் ஒரு கையால வண்டி ஓட்டறான்.

அருணா: பதினொன்றரைக்கு ஆரம்பம். ஜல்தி வாங்க. பாட்டி, ப்ளீஸ்...

தேவா: வச்சுட்டா. ஏம்மா, புள்ள எவ்ளோ ஆசையா கூப்புடறா...

அம்மா: டோல்கேட்டு வருது. வண்டிய ஓரமா நிறுத்து. எனக்கு டீ வேணும்.

தேவா: இப்பவா? நேரம்...

அம்மா: இப்பத்தான்.

தேவா: ... சரி. இந்தா, இந்தக் கடையில நல்லா இருக்கும். நீ எறங்க வேணாம், நானே வாங்கியாறேன். ... இந்தா, புடி. சூடு. ஊதிக் குடி.

அம்மா: ம். தேவா, ஒண்ணு கேக்கறேன். இந்தத் துணிய யாரு வாங்கினது?

தேவா: சொன்னனே. அருணாதான். ஆன்லைன்ல.

அம்மா: ஆன்லைன்ல இருந்து வந்த துணியில டெய்லர் சாக்பீஸ் கோடு இருக்குமா?

தேவா: சாக்பீஸா? எங்க?

அம்மா: கைக்குழியப் பாரு. நீலக் கோடு. யாரோ பக்கத்துல உக்காந்து தச்சிருக்கான்.

தேவா: சரிம்மா. குயிலாப்பாளையத்துல வல்லரசுன்னு ஒரு டெய்லர். ஆரோவில்ல இருக்கற வெள்ளக்காரங்களுக்கெல்லாம் தைக்கறவன். அவன்கிட்ட குடுத்துத் தச்சேன். அருணாவுக்கு இது தெரியாது. நீ அப்பாவோட நிக்கற பழைய போட்டோ இருக்குது பாரு, அதக் காட்டினேன்.

அம்மா: கழுத்துப் பட்டி சரியா வச்சிருக்கான். கெட்டிக்காரன்.

தேவா: அப்பாடா... புடிச்சிருக்குதுன்னு சொல்லேன். உன் வாயில இருந்து அத வரவைக்க...

அம்மா: அந்தப் போட்டோ கறுப்பு வெள்ளை.

தேவா: ஆமா.

அம்மா: இது வெத்தலக் கொழுந்து கலரு.

தேவா: ... ஆமா.

அம்மா: அந்தக் கலரு உங்கப்பா வேலை செஞ்ச துணிக்கடையில ஒரே ஒரு பீஸ்தான் வந்துச்சு. சைகோன்ல, ரோட்டு மேலயே கடை. கத்திரிக்கோல அவரே புடிச்சு வெட்டிக் குடுத்தாரு, எனக்குன்னு. அத நான் அருணாகிட்ட சொன்னதில்ல. உன் பொண்டாட்டிகிட்ட சொன்னதில்ல. நாம இங்க வந்தப்ப உனக்கு எட்டு வயசு. எட்டு வயசுப் பையனுக்கு அம்மா துணியோட கலரு இம்மாம் வருஷம் ஞாபகம் இருக்குமா?

தேவா: இருக்கும்மா.

அம்மா: எப்படி?

தேவா: டீ ஆறுது, குடி.

அம்மா: எப்படிடா?

தேவா: ... அம்மா, கண்ணாடிய ஏத்திடறேன். அந்தாளு நம்மளயே பாத்துக்கினு இருக்காரு. ... அம்மா, ஸ்கூல்ல குடியரசு தினம் கொண்டாடினாங்களே. நாம வந்த அடுத்த வருஷம். ஞாபகம் இருக்குதா?

அம்மா: நீ ஓட்டப் பந்தயத்துல ரெண்டாவதா வந்த.

தேவா: அதான். எல்லாரும் அம்மா அப்பாவக் கூட்டிக்கினு வாங்கடா, நல்ல துணி போட்டுக்கினு வரச் சொல்லுங்கடான்னு சொன்னாரு சீனுவாசன் வாத்தியாரு. அப்பா ஊர்ல இல்ல. நீ மட்டும் வந்த.

அம்மா: எனக்கு இருந்த நல்ல துணி அது ஒண்ணுதான்.

தேவா: தெரியும்மா... இப்பத் தெரியுது. அன்னைக்கு அந்த கேட்டுல நீ நொழஞ்சப்ப பசங்க எல்லாம் கத்தினானுங்க. "டேய், சர்க்கஸ்காரி வர்றாடா! பைஜாமா போட்ட பொம்பளடா!" அம்மாங்க எல்லாம் வாயில முந்தானைய வச்சுக்கினு சிரிச்சாங்க. நீ நேரா என்னப் பாத்து வந்துகினு இருந்த. கையில தூக்குப் போணி. நான் கொடிக்கம்பத்துக்குப் பின்னால போய்...

அம்மா: ஒளிஞ்சுக்கின.

தேவா: வாத்தியாரு என்னப் புடிச்சு நிறுத்தி, "யாருடா இவங்க?"ன்னாரு. நான்...

அம்மா: சொல்லு.

தேவா: "எங்க வூட்டு வேலைக்காரி சார்"னு சொன்னேன்.

அம்மா: ம்.

தேவா: நீ பக்கத்துலதான் நின்ன. சிரிச்சுக்கினு நின்ன. உனக்கு அப்பத் தமிழ் தெரியாது, அதுதான் எனக்கு இருந்த ஒரே ஆறுதல். இம்மாம் வருஷமும் அத ஒண்ணச் சொல்லிச் சொல்லித்தான் தூங்கறேன். அம்மாவுக்குப் புரியல, அம்மாவுக்குப் புரியலன்னு...

அம்மா: சிரிச்சேனா? இருக்கும்.

தேவா: என்னத் திட்டும்மா.

அம்மா: அம்பத்தேழு வயசு ஆளத் திட்டி இன்னா ஆவப் போவுது? அன்னைக்குச் சாயங்காலம் நீ வூட்டுக்கு வந்து சோறு துன்ன மாட்டேன்னு படுத்துக்கின. இனிமே சேலை கட்டிக்கினாத்தான் ஸ்கூலுக்கு வரணும்னு அழுத. எங்க பாஷையில நான் கேட்டா நீ தமிழ்ல பதில் சொன்ன. அதுலருந்து என்கிட்ட ஒரு வார்த்த கூட நீ எங்க பாஷையில பேசல.

தேவா: ஆமா.

அம்மா: நாம வந்ததுலருந்து நான் கூடவே சுத்துவேனே, நம்ம மாடு பாத்துக்கின சின்னபொண்ணு, அவதான் சேலை கட்டக் கத்துக் குடுத்தா. கொசுவம் நிக்காம நிக்காம அவுந்து வுழும். அவ சிரிப்பா. மாட்டுக் கொட்டாயில வச்சு, என் மாமியா, உங்க ஆயா, கண்ணுல படாம, ஒரு வாரம் கத்துக் குடுத்தா.

தேவா: அவங்க பேர எடுக்காதம்மா.

அம்மா: ஏன்?

தேவா: அவங்கள நெனைச்சாத்தான்... நான் இன்னும் முடிக்கல. அந்தச் சட்ட காணாமப் போச்சே...

அம்மா: ம்.

தேவா: நான்தான் எடுத்தேன். குடியரசு தினம் முடிஞ்சு நாலஞ்சு நாள் இருக்கும். நீ கெணத்துக்குப் போயிருந்த. பொட்டியத் தொறந்து, சுருட்டி, பைக்கட்டுக்குள்ள வச்சு எடுத்துக்கினு போயிட்டேன். அது இருந்தா மறுபடியும் போட்டுக்கினு வந்துடுவன்னு பயம். முருகையன் இருந்தாரு பாரு, நம்ம கொல்லைக்கு அடுத்த கொல்லை. மல்லாட்ட வெதச்சிருந்தாரு, காக்கா வந்து நோண்டிக்கினே இருக்குதுன்னு பொம்மை கட்டினாரு. பழைய சட்ட எதாவது இருந்தா கொண்டாடான்னு எங்கிட்ட கேட்டாரு.

அம்மா: குடுத்துட்ட.

தேவா: குடுத்துட்டேன். வைக்கோல் பொம்மைக்கு மாட்டினாரு. காத்துல அந்த ரெண்டு பக்கமும் பறந்துச்சு... நான் தினமும் அந்த வழியாத்தான் ஸ்கூலுக்குப் போவேன். பசங்க கல்லெடுத்து அடிப்பானுங்க. நானும் அடிச்சேன். அதனாலதான் அந்தக் கலரு மறக்கல. போதுமா?

அம்மா: டம்ளரக் குடுத்துட்டு வா. போலாம்.

தேவா: அம்மா...

அம்மா: வண்டிய எடுடா. புள்ள காத்துக்கினு இருப்பா.

தேவா: ... எடுக்கறேன். சீட் பெல்ட்டப் போட்டுக்க. ... அம்மா, அப்புறம் அப்பா பாண்டிச்சேரி கல்யாணத்துக்கு உன்ன அந்தத் துணி போட்டுக்கினு வரச் சொல்லி, பொட்டியில தேடினாரே...

அம்மா: அது எனக்குத் தெரியாதா?

தேவா: ஆயா உடனே சொன்னாங்க, சின்னபொண்ணுதான் எடுத்திருப்பான்னு. அவ ஒருத்திதான் உள்ள வந்து போறான்னு. சின்னபொண்ணு வூட்டுக் கூரையெல்லாம் பிரிச்சுத் தேடினாங்க. தெருவே கூடி நின்னுச்சு. நான் தென்னமரத்துக்குப் பின்னால நின்னு பாத்தேன். ஒரு வார்த்த... "நான்தான்"னு ஒரே ஒரு வார்த்த. வாய் வரைக்கும் வந்துச்சும்மா. அப்பா கையில பெல்ட்டு இருந்துச்சு.

அம்மா: உனக்கு ஒம்போது வயசு.

தேவா: அன்னைக்கு ஒம்போது. பத்து, இருவது, நாப்பதுன்னு ஆச்சே? அப்ப சொல்லி இருக்கலாமே? சின்னபொண்ணு குடும்பத்தோட முகையூருக்கே போயிட்டாங்க. அவங்கம்மா வூட்டுக்கு. "துணி திருடி"ன்னு பேரு வாங்கிக்கினு. அந்தப் பேரு அந்த ஊர் வரைக்கும் கூடவே போச்சாம்.

அம்மா: போச்சாமா? உனக்கு யாரு சொன்னா?

தேவா: நான் போனேன்.

அம்மா: எங்க?

தேவா: முகையூருக்கு. வல்லரசுகிட்ட தைக்கக் குடுத்துட்டு, மறுநாளே கெளம்பிட்டேன். மொதல்ல அவங்க கால்ல வுழுந்துட்டு, அப்புறம் உன்கிட்ட சொல்லணும்னு நெனைச்சேன்.

அம்மா: பாத்தியா? சின்னபொண்ணப் பாத்தியா? எப்படி இருக்கா?

தேவா: அம்மா, அவங்க இப்ப...

அம்மா: தேவா?

தேவா: இல்லம்மா. செத்துட்டாங்க. மூணு வருஷம் ஆச்சாம்.

அம்மா: மூணு வருஷமா...

தேவா: அம்மா? தண்ணி குடிக்கறியா? பின்னால பாட்டில் இருக்குது.

அம்மா: வேணாம். நீ ரோட்டப் பாத்து ஓட்டு. ... யாரு இருந்தா வூட்டுல?

தேவா: பொண்ணு. புனிதான்னு பேரு. அவங்க திண்டிவனத்துல இருந்தப்ப கைக்குழந்தையா இருந்துச்சே, அது. பேரன் பேத்தி எடுத்துடுச்சு. உக்கார வச்சு மோர் குடுத்துச்சு. நான் யாருன்னு சொல்ல நாக்கு எழல. கரண்டு ஆபீஸ்ல இருந்து மீட்டர் பாக்க வந்தேன்னு சொல்லிட்டேன்.

அம்மா: நீ கரண்டு ஆபீஸ் வேலையில இருந்து வி.ஆர்.எஸ். வாங்கிட்டியேடா.

தேவா: அதான் பாரு. மீட்டர அண்ணாந்து பாத்துக்கினு நின்னேன், ஒரு பேப்பர்ல சும்மா எதையோ எழுதிக்கினு. சுவத்துல அவங்க போட்டோ, மாலை போட்டு. "அம்மாவுக்கு எந்த ஊருங்க?"ன்னு தெரியாத மாதிரி கேட்டேன். புனிதாவே ஆரம்பிச்சு எல்லாம் சொல்லுச்சு. திண்டிவனம், சைகோன்காரங்க வூடு, துணி... எங்கம்மா எடுக்கலங்க சார், சத்தியமா எடுக்கலன்னு எங்கிட்ட சொல்லுது. மீட்டர் பாக்க வந்தவன்கிட்ட. ஒருத்தனாவது நம்பணும்னு நெனைச்சுதோ இன்னாவோ.

அம்மா: நீ இன்னா சொன்ன?

தேவா: "சரிங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அம்மா: வந்துட்ட.

தேவா: நான் அவ்ளோதாம்மா. அன்னைக்குக் கொடிக்கம்பம், தென்னமரம். இன்னைக்கு மீட்டர் பொட்டி. எதாவது ஒண்ணுக்குப் பின்னால போய் நின்னுக்குவேன்.

அம்மா: முண்டியம்பாக்கம் வந்துடுச்சு.

தேவா: ம். இன்னும் பத்து நிமிஷம். அம்மா, ஒண்ணு சொல்றேன் கேளு. உன்னப் பத்தியும் புனிதா சொல்லுச்சு.

அம்மா: என்னப் பத்தியா?

தேவா: சின்னபொண்ணு சாவற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாங்களாம். "அந்த சைகோன்காரப் பொண்ணு பாவம். அதுக்குத் தமிழ் தெரியாது. தெரிஞ்சிருந்தா எனக்காவ ஒரு வார்த்த பேசி இருக்கும்"னு.

அம்மா: எனக்குத் தமிழ் தெரியாதுன்னா?

தேவா: அவங்களுக்கு உன் மேல ஒரு வருத்தமும் இல்லம்மா. அத உன்கிட்ட எப்படியாவது சொல்லணும்னுதான்...

அம்மா: அப்படியா சொன்னா?

தேவா: அப்படியேதான் சொன்னாங்களாம்.

அம்மா: அவளா? சின்னபொண்ணா அப்படிச் சொன்னா?

தேவா: ஏம்மா, இதுல இன்னா... அழுவறியா? அம்மா! இரு, ஓரம் கட்டறேன்.

அம்மா: ஒண்ணும் இல்ல. போ.

தேவா: போன் வேற. ... அருணா, சொல்லுமா.

அருணா: அப்பா, கலெக்டர் ஆபீஸ் பக்கம் வந்துட்டீங்களா? எல்லாரும் ஆடிட்டோரியத்துல உக்காந்தாச்சு. பாட்டிதான் கடைசி. அவங்க வரும்போது பொண்ணுங்க எல்லாம் எழுந்து நின்னு கை தட்டப் போவுது, ஒத்திக பாத்து வச்சிருக்கோம். அப்பா? பாட்டி போட்டுக்கறாங்கல்ல?

தேவா: அஞ்சு நிமிஷத்துல கூப்புடறேன்மா.

அருணா: அப்பா...

தேவா: அஞ்சு நிமிஷம். வை. ... இந்தா, நிறுத்திட்டேன். இந்தப் பக்கம் யாரும் இல்ல. அழுவறதுன்னா அழு.

அம்மா: அழுவல. தூசி.

தேவா: அம்மா, நான் கையெடுத்துக் கும்புடறேன். இந்தத் துணிய நான் திருடினேன், நானே திரும்பக் கொண்டாந்து வச்சிருக்கேன். உலகமே இப்ப இத தேசிய உடைன்னு கொண்டாடுது. நான் பொம்மைக்கு மாட்டினத, ஆயிரம் பேரு எழுந்து நின்னு பாக்கட்டும். அருணா பேசி முடிச்சதும் நானே மேடை ஏறி மைக்கப் புடிச்சு, இவங்க என் அம்மான்னு சொல்றேன். நாளைக்கு முகையூர் போய் புனிதாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கறேன். நீ ஒரு தடவ போட்டுக்கம்மா.

அம்மா: மேடை ஏறு. சொல்லு. முகையூருக்கும் போ, என்னயும் கூட்டிக்கினு போ. ஆனா இத நான் போட மாட்டேன்.

தேவா: இன்னும் என்ன மன்னிக்கலியா?

அம்மா: உன்ன எப்பவோ மன்னிச்சுட்டேன்டா. இது உனக்காவ இல்ல.

தேவா: அப்புறம் எதுக்கு? தப்பெல்லாம் பண்ணினது நான். நீ ஏம்மா வெக்கப்படற?

அம்மா: அந்தச் சட்டைய நான் பாத்துட்டேன்டா. உங்கப்பா பொட்டியில தேடறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே பாத்துட்டேன், முருகையன் கொல்லயில. நீதான்னு தெரிஞ்சுது. சொன்னா உன்ன உரிச்சுடுவாருன்னு வாய மூடிக்கினேன். கூரையப் பிரிச்சுப் போட்டப்ப சின்னபொண்ணு ஓடி வந்து என் ரெண்டு கையயும் புடிச்சுக்கினா. "லட்சுமி, நான் எடுக்கலன்னு நீ ஒரு வார்த்த சொல்லு, ஒரே ஒரு வார்த்த சொல்லு"ன்னு அழுதா. தெருவே என் மூஞ்சியப் பாத்துச்சு. நான் சிரிச்சேன். உங்க வாத்தியார்கிட்ட நீ என்ன வேலைக்காரின்னு சொன்னப்ப சிரிச்சேன் பாரு, அதே மாதிரி, ஒண்ணும் புரியாதவளாட்டம் சிரிச்சேன். எனக்குத் தமிழ் புரியும்னு அந்த ஊர்ல ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும், தேவா. மாட்டுக் கொட்டாயில அவ சேலை மட்டும் கத்துக் குடுக்கல.